இருபத்தைந்து வோல்ட்

வெயில் பட்டால் ஞாபகசக்தியை இழந்துவிடும் ஒரு பொருள் உலகத்தில் உண்டென்று முன்பே நான் படித்திருந்தேன். ஆனால் படித்த விஷயம் பிரத்தியட்சமாகக் கண்முன் வந்து நின்றது 1991 ஆம் ஆண்டுக் கோடையில்தான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. பாலக்கோட்டிலிருந்து சிறிது தொலைவில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த என் வீட்டுக்கு, தொழிற்கல்வி பயின்றுகொண்டிருந்த மாணவன் ஒருவன், தன் ஆசிரியரின் அனுமதியோடு, மைக்ரோபிராசசர் கிட் ஒன்றைத் துணிப்பையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

"சார், ரெண்டு நாளா சுவிட்ச் போட்டா டிஸ்ப்ளேல ஒண்ணும் வரமாட்டேங்குது. பவர் சப்ளை சரியா இருக்கு, பிராசசரையும் மாத்திப் பாத்துட்டேன்" என்றான்.

8085 என்னும் பிராசசரை நடுநாயகமாகக் கொண்ட அந்தக் கிட் அக்காலத்துத் தொழிற்கல்வி நிலையங்களில் எல்லோருக்கும் பழக்கமான பொருள். மின்சாரம் வந்தவுடன் பிராசசர் செய்யும் முதற்காரியம், 0000 என்ற முகவரிக்குப் போய் அங்கே என்ன கட்டளை எழுதியிருக்கிறது என்று படிப்பதுதான். விசைப்பலகையைக் கவனிப்பதும், சிவப்பு எண்களை ஒளிரச் செய்வதும், மாணவன் தட்டிய நிரலை நினைவில் வைப்பதும் அங்கே தொடங்கும் 'மானிட்டர்' என்ற நிரலின் வேலை. அந்த நிரல் இருக்குமிடம் 24 கால்களும் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரமும் உடைய 2716 என்னும் ஈப்ராம் சில்லு. பையன் கொண்டுவந்த கிட்டில் அந்தச் சாளரத்தின்மேல் இருந்திருக்க வேண்டிய காகித வில்லை உதிர்ந்துபோயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்த மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் என்றான். நோய் இன்னதென்று அப்போதே பாதி விளங்கிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கிட்டின் சில்லை இதில் பொருத்தியதும் எண்கள் பளிச்சென்று எரிந்தன.

முழுதும் மறந்துபோன ஈப்ராமைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகவே வரும். எட்டு ஒன்றுகள் சேர்ந்த அந்த எண்ணை 8085 ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொண்டு, 0038 என்ற முகவரிக்குத் தாவும். அங்கேயும் அதே எண் இருக்க, மறுபடியும் அதே இடத்துக்கே தாவும். இப்படிச் செக்குமாடு போல நொடிக்குப் பல்லாயிரம் தடவை சுற்றிக்கொண்டிருக்கும் பிராசசரை வெளியே இருந்து பார்ப்பவன், அது செத்துவிட்டது என்றே முடிவு கட்டுவான்.

இனி அந்தச் சில்லு எப்படி நினைவில் வைக்கிறது, எப்படி மறக்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் பின்னால் நாங்கள் பட்ட பாட்டின் காரணம் விளங்காது. 2716 இல் 2048 பைட்டுகள், அதாவது 16,384 பிட்டுகள் உண்டு. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர். அதன் கேட்டுக்குக் கீழே, நாற்புறமும் சிலிக்கன் டை ஆக்சைடு என்னும் கண்ணாடிச் சுவரால் சூழப்பட்டு, வெளியுலகத்தோடு எந்தக் கம்பித் தொடர்பும் இல்லாத இன்னொரு கேட், வாசலே வைக்காமல் கட்டிய அறையைப் போல் மிதக்கிறது. சாதாரண நிலையில் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவரைத் தாண்டமாட்டா. தாண்ட வேண்டுமானால் ஏறக்குறைய 3.2 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி தேவை. 25 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தும்போது, அடியில் ஓடும் எலெக்ட்ரான்களிற் சில, வேகம் பிடித்து, அந்தச் சுவரை எகிறிக் குதித்து உள்ளே விழுந்துவிடுகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பிறகு வெளியே வர வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. எலெக்ட்ரான் அடைபட்ட பிட் பூஜ்யம், அடைபடாதது ஒன்று.

மிதக்கும் கேட் என்ற எண்ணத்தை 1967 இல் பெல் ஆய்வகத்தின் டவான் காங், சைமன் சே என்ற இருவர் வெளியிட்டிருந்தார்கள். அதை விற்பனைக்குரிய சில்லாக்கி 1971 இல் அளித்தவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய இஸ்ரேலியப் பொறியாளர் டோவ் ஃப்ரோமன். விசேஷம் என்னவென்றால், அவர் நினைவுச் சில்லைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டவர் அல்லர். நிறுவனத்தின் வேறொரு சில்லில் தோன்றிய கோளாற்றின் மூலத்தைத் துருவிக்கொண்டிருந்தவர், இணைப்பறுந்து அநாதையாய் நின்ற கேட்டுகளில் மின்னூட்டம் தங்கிப்போவதைக் கவனித்து, பழுதையே பயனாக்கிக்கொண்டார். இதைச் சொன்னபோது பையனுக்கு ஏற்பட்ட உற்சாகத்தைப் பார்க்கவேண்டும். தன் கிட்டின் பழுதும் எதையோ கண்டுபிடித்துத் தரப்போகிறது என்று நினைத்துவிட்டான்.

மறப்பதும் இதே கணக்குத்தான். 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியின் ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 4.9 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியைச் சுமந்துவருவதால், சாளரத்தின் வழியே புகுந்து, அடைபட்ட எலெக்ட்ரானைச் சுவருக்கு மேலே தூக்கி வெளியே எறிந்துவிடும். சாளரத்தைச் சாதாரணக் கண்ணாடியில் செய்யாமல் குவார்ட்ஸில் செய்வது அந்த ஒளி உள்ளே போவதற்காகவே. ஏறக்குறைய 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் எதற்கும் இந்தச் சாமர்த்தியம் கொஞ்சமாவது உண்டு. சூரிய ஒளியில் அது கலந்திருக்கிறது. நேர்வெயிலில் ஒரு வாரமும், அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்று ஆண்டும் போதும் என்று தயாரிப்பாளர்களின் குறிப்பேடே எச்சரிக்கிறது. ஜன்னல் கண்ணாடி புறஊதாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுமென்றாலும், காகித வில்லை உதிர்ந்த சில்லுக்கு மேற்கு வெயில் இரண்டு கோடைகளில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது.

ஆகவே எங்கள் முன் இருந்த காரியம், நல்ல சில்லிலிருந்து புதுச் சில்லுக்குப் பிரதி எடுப்பது. எழுதும் கருவி மாவட்டத்தில் யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்து கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. பெங்களூர் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். ஆனால் பிறர் தயவை நாடுவதைவிட நாமே செய்துபார்ப்போம் என்ற பிடிவாதம் இருவருக்கும் இருந்தது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து ஐந்து புதுச் சில்லுகளும் மற்றச் சாமான்களும் வாங்கிவந்தேன். கடையில் கவனிக்கவேண்டிய சூட்சுமம் ஒன்றுண்டு: இன்டெல் வகை 2716 க்கு 5 வோல்ட் ஒன்றே அன்றாட உணவு, டெக்சாஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ்.2716 க்கோ மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும், கால்களின் பொறுப்பும் வேறு. அந்நிறுவனத்தில் இன்டெல் வகைக்கு நிகரானது 2516 என்ற எண்ணில் வரும். எழுதும் மின்னழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்தது: 2716 க்கு 25, இன்டெலின் பழைய 2764 க்கு 21, 27256 க்கு 12.5. எண்ணைப் படிக்காமல் 25 வோல்ட்டைச் செலுத்துவது சில்லைக் கொல்லுவதற்குச் சமானம்.

கருவியின் அமைப்பு எளிமையானது. இரண்டு சாக்கெட், ஒன்றில் மூலச் சில்லு, மற்றதில் புதுச் சில்லு. 4040 என்ற எண்ணி இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும். மூலம் அந்த முகவரியில் உள்ள பைட்டை வாசிக்க, அது நேரே புதுச் சில்லின் வாயில் போய் நிற்கும். அப்போது 21 ஆம் காலில் 25 வோல்ட் இருக்க, 18 ஆம் காலில் 50 மில்லி நொடித் துடிப்பு ஒன்றை 555 என்ற நேரச் சில்லு கொடுத்தால் அந்தப் பைட் எழுதப்பட்டுவிடும். பிறகு எண்ணி ஒரு படி ஏறும். 2048 பைட்டுக்குத் துடிப்பு நேரம் மட்டும் 102 நொடி. தொடங்கவும் நிறுத்தவும் 4013 என்ற ஃபிளிப்-ஃபிளாப். 25 வோல்ட்டை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் மதகாக எஸ்.கே.100 என்ற டிரான்சிஸ்டர். எஸ்.எல்.100, எஸ்.கே.100 என்ற அந்தத் தகரத்தொப்பி ஜோடியைக் கையால் தொடாமல் நம் நாட்டில் மின்னணுவியல் படித்தவர் அக்காலத்தில் யாரும் இல்லை; தொப்பியின் விளிம்பில் நீட்டிய சிறு நாக்குக்குப் பக்கத்தில் இருப்பது எமிட்டர் என்ற பாடத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

பையன் சர்க்யூட்டைப் பூட்டிக் கொண்டுவந்தான். சில்லை வைக்கப் போனவனைத் தடுத்தேன். விலையுயர்ந்த சில்லை வைப்பதற்கு முன், 21 ஆம் காலுக்கும் தரைக்கும் நடுவே ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகச் சொன்னேன். 25 வோல்ட்டில் அது 25 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2716 எழுதும்போது இழுக்கக்கூடிய உச்சம் 30. அந்தப் போலிச் சில்லை வைத்துக்கொண்டு மல்டிமீட்டரைத் தொட்டால், முள் 25 இல் நின்றது. தொடங்கு பொத்தானை அமுக்கினாலும் 25, நிறுத்து பொத்தானை அமுக்கினாலும் 25. மதகு மூடவே இல்லை.

டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டது என்று பையன் அதைக் கழற்றி வேறொன்றைப் போட்டான். மறுபடியும் அதே 25. மூன்றாவதையும் எடுத்தபோது, "தம்பி, கொஞ்சம் இரு, மூணு பேரும் ஒரே பொய்யைச் சொல்லமாட்டாங்க" என்று நிறுத்தினேன். எஸ்.கே.100 பி.என்.பி. வகை, அதன் எமிட்டர் 25 வோல்ட்டில் நிற்கிறது. பேஸ் எமிட்டரைவிட 0.6 வோல்ட் தாழ்ந்தால் அது திறந்துகொள்ளும். மூடவேண்டுமானால் பேஸ் ஏறக்குறைய 25 வரை உயரவேண்டும். பையனோ பேஸை 4.7 கிலோ ஓம் வழியாக 4013 இன் காலோடு நேரே இணைத்திருந்தான். 5 வோல்ட்டில் வாழும் அந்தச் சில்லு எவ்வளவு எம்பினாலும் 5 க்கு மேல் போகாது. ஆகவே அது 'மூடு' என்று கூவும்போதும் பேஸ் கீழேயே கிடந்து, மதகு திறந்தபடியே இருந்தது. ஏரிக்கரையின் உயரத்தில் இருக்கும் மதகுச் சட்டத்தை, கழனியில் நின்றுகொண்டு கையை நீட்டி இறக்கப் பார்ப்பவன் கதைதான் இது. அதுமட்டுமல்ல: நடுவிலுள்ள சுமார் 19 வோல்ட் வித்தியாசம், 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அந்த அப்பாவிச் சில்லின் வெளியீட்டுக்குள் பின்புறமாகத் தள்ளிக்கொண்டும் இருந்தது.

சிலர் இதற்குப் பரிகாரமாக, பி.என்.பி. யை எடுத்துவிட்டு எஸ்.எல்.100 ஐ அந்த இடத்தில் வைத்து, கலெக்டரை 25 வோல்ட்டிலும் எமிட்டரைச் சில்லிலும் இணைத்துப் பார்ப்பார்கள். அப்போது எமிட்டர் தன் பேஸைவிட 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும். பேஸில் 5 இருந்தால் சில்லுக்கு 4.3 தான் கிடைக்கும். மேலே 25 இருந்தும் பயனில்லை. முதல் முறையில் மூடாத மதகு. இரண்டாவதில் திறக்காத மதகு.

சரியான வழி இரண்டு டிரான்சிஸ்டர்கள் கூட்டாக வேலை செய்வது. 5 வோல்ட்டில் நிற்கும் பி.சி.107, எமிட்டரைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தன் கலெக்டரால் 4.7 கிலோ ஓம் வழியாக எஸ்.கே.100 இன் பேஸைக் கீழே இழுக்கும். விட்டுவிட்டால் பேஸ் தானே மேலேறிக்கொள்ளும். கரையின்மேல் ஓர் ஆளை நிறுத்திவிட்டுக் கீழே இருந்து குரல் கொடுப்பது போல. இதைப் பூட்டியதும் வேறொரு வேடிக்கை நிகழ்ந்தது: கருவி சும்மா இருக்கும்போது 25 வோல்ட் வந்தது, ஓடத் தொடங்கியதும் மறைந்தது. நடுவில் புகுந்த பி.சி.107 கட்டளையைத் தலைகீழாக்குகிறது என்பதை இருவருமே மறந்திருந்தோம். 4013 இன் எதிர் வெளியீட்டிலிருந்த கம்பியை நேர் வெளியீட்டுக்கு மாற்றியதும் அது தீர்ந்தது.

பிறகும் ஒரு சிறு சில்லறைத் தொல்லை. போலிச் சில்லை எடுத்துவிட்டுப் பார்த்தால், மூடிய நிலையில் 21 ஆம் கால் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியது, காலையில் 6 ஆகவும் உச்சிவெயிலில் 9 ஆகவும் ஏறியிறங்கியது. பேஸ் 'தானே மேலேறும்' என்று நான் சொன்னேனே, அதற்குக் கைகொடுக்கப் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாததால், டிரான்சிஸ்டருக்குள் இயல்பாகவே கசியும் அற்ப மின்னோட்டம் பேஸில் தேங்கி, பலமடங்காகப் பெருகி வெளிவந்துகொண்டிருந்தது. கசிவு உஷ்ணத்தோடு வளரும் குணமுடையது, தருமபுரிச் சித்திரை மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பத்து கிலோ ஓம் ஒன்றை வைத்தோம், அடங்கிவிட்டது. துடிப்பின் நீளத்தை அளக்க ஆசிலாஸ்கோப் இல்லை. அதற்குக் கைக்கடிகாரமே போதுமானதாயிற்று: துடிப்பு 50, இடைவெளி 10 என்று வைத்தால் 2048 அடிகளும் முடிய 123 நொடி ஆகவேண்டும், ஆனது 164 நொடி. ஓர் அடிக்கு 80 மில்லி நொடி; ஆகவே 50 க்குப் பதில் 70, குறிப்பேடு அனுமதிக்கும் 55 ஐ மீறியது. கசிவுள்ள பழைய மின்தேக்கியை மாற்றிச் சரிசெய்தோம். ஆயிரக்கணக்கில் அடுக்கி அளந்தால் கைக்கடிகாரமும் மில்லி நொடியைக் காட்டும் என்பதைப் பையன் அன்று தெரிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் முதற்பிரதி எடுத்தோம். கிட்டில் வைத்தோம், எண்கள் எரிந்தன. ஆனந்தத்துக்கு எல்லையில்லை. நிலையத்தில் மேலும் மூன்று கிட்டுகள் இருந்தமையால், உபரிப் பிரதிகளும் எடுத்துவைக்கலாம் என்று, பையன் வகுப்பு முடிந்து வரும் மாலை வேளைகளில் மீதிச் சில்லுகளை எழுதினான். முதல் நாள் எழுதியது கிட்டில் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் எழுதியது சிறிது நேரம் செய்தது, பிறகு உளறியது. மூன்றாவது, எரிந்த எண்களிலேயே தப்பு.

இங்கேதான் நான் என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழுது கண்டவுடன் சூட்டுக்கோலைக் கையில் எடுப்பவன் பழுதுபார்ப்பவன் அல்லன். தப்பு எத்தகைய தப்பு என்று விசாரிக்காமல் எந்த உறுப்பையும் கழற்றக்கூடாது. நல்ல கிட்டில் இரண்டாவது ஈப்ராமுக்கு ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. கெட்ட பிரதியை அதில் வைத்து, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றைப் பையன் கையாலேயே எழுதி உள்ளிட்டான். கெட்டவற்றுள் முதலாவதில் 2048 இல் 37 பைட்டுகள் ஒத்துப்போகவில்லை. அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக எழுதி, பிட்டாகப் பிரித்துப் பார்த்தோம். முகவரிக் கம்பியில் ஒன்று அறுந்திருந்தால் ஒரு பகுதி அப்படியே இன்னொரு பகுதியில் திரும்ப வந்திருக்கும். ஏ10 அறுந்தால் முதல் ஆயிரத்துச் சொச்சமும் பின்னதும் குழம்பியிருக்கும். அப்படி இல்லை. தரவுக் கம்பி ஒன்று கெட்டிருந்தால் எல்லாத் தப்பும் ஒரே பிட்டில் நிகழ்ந்திருக்கும். அதுவும் இல்லை. ஆனால் ஒரு லட்சணம் தப்பாமல் காணப்பட்டது: பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்ததே தவிர, ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் எங்குமே இல்லை.

சில்லு தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. எழுதுவதென்றால் ஒன்றைப் பூஜ்யமாக்குவது. பூஜ்யமாகாத ஒன்று என்றால், சுவரைத் தாண்டிக் குதித்த எலெக்ட்ரான்கள் போதவில்லை. துடிப்பு நேரம் சரியென்று கடிகாரம் சொல்லியிருக்கிறது. மீதியிருப்பது மின்னழுத்தம். ஆனால் அளந்தபோதெல்லாம் 25 சரியாகத்தானே இருந்தது? பையன் எஸ்.கே.100 ஐ மறுபடியும் சந்தேகித்தான். நான் சில்லுகளையே சந்தேகித்தேன். இருவரும் தவறு.

வழி காட்டியவர், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். மாலை ஏழு மணியிருக்கும். திண்ணையில் டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. அவ்வழியே போன அவர், "என்னங்க வாத்தியாரே, மும்முனை வந்துருச்சில்ல, இனி பத்து மணி வரைக்கும் உங்க டியூப்லைட் எரியாதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் கிடையாது, கிணறும் ஆழ்குழாயும்தான். பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரம் முறைவைத்து விடப்படும். எப்போது வரும் என்று காத்துக் கிடக்க முடியாததால் பலரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். மின்சாரம் வந்த அதே கணத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒருசேர ஓடத் தொடங்க, நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது மின்னழுத்தம் வற்றிப்போயிருக்கும். சுவரிலுள்ள பிளக்கில் மீட்டரை வைத்தேன். 230 இருக்கவேண்டிய இடத்தில் 170.

இனி வெறும் கணக்கு. எங்கள் டிரான்ஸ்பார்மர் 12-0-12. இரு முனைக்கும் நடுவே 24 வோல்ட். பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டி மின்தேக்கியில் ஏறும்போது அதன் உச்சம் 34, டயோடுகள் பிடுங்கிக்கொள்ளும் 1.4 போக, 32 க்குச் சற்று மேல். அதை எல்.எம்.317 பிடித்து 25 ஆக நிலைப்படுத்தும். தான் வேலை செய்ய அதற்கு இரண்டு வோல்ட்டாவது தலைக்கு மேல் இருக்கவேண்டும். நண்பகலில் ஏழு வோல்ட் இருந்தது. மாலையில் சுவரில் 170 ஆனபோது, 24 என்பது 17.7 ஆகி, உச்சம் 25, டயோடு போக 23.7, எல்.எம்.317 இன் கப்பம் போக 21 வோல்ட் சொச்சம். நாங்கள் மீட்டர் வைத்ததெல்லாம் விடுமுறைப் பகலில். எழுதியதெல்லாம் மோட்டார் ஓடும் மாலையில். மோசம் என்னவென்றால், அதே டிரான்ஸ்பார்மரின் பாதியிலிருந்து வரும் 5 வோல்ட் பகுதிக்குக் கையிருப்பு ஏராளம். அங்கே ஏறக்குறைய 12 வோல்ட் எஞ்சியிருந்ததால், அதை 5 ஆக நிலைப்படுத்தும் 7805 துளியும் தளரவில்லை. எண்ணி சரியாக எண்ணியது, மூலச் சில்லு சரியாக வாசித்தது, விளக்குகள் சரியாக எரிந்தன. எலெக்ட்ரானைச் சுவர் தாண்ட உந்தும் அந்த ஒரே சக்தி மட்டும் மூன்று வோல்ட்டுக்கு மேல் குறைந்து, சில பிட்டுகளில் முழுதாகவும், சிலவற்றில் அரைகுறையாகவும், சிலவற்றில் ஒன்றுமில்லாமலும் எழுதிக்கொண்டு போயிற்று.

அந்த அரைகுறைகளே இரண்டாம் நாள் மாலை எழுதிய பிரதியைச் சிறிது நேரம் பேசவைத்துப் பிறகு உளறவைத்தவை. பாதி நிரம்பிய பிட் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஊசலாடும். சில்லுக்கு ஊட்டும் மின்சாரம் சற்று ஏறினாலும் அது ஒன்றாகத் தோன்றிவிடும். இதைச் சோதிக்க ஒரு யுக்தி உண்டு. எழுதிய சில்லை 5 வோல்ட்டில் மட்டும் வாசித்துத் திருப்திப்படாமல், அனுமதிக்கப்பட்ட மேல் எல்லையான 5.25 இலும் ஒருமுறை வாசிக்கவேண்டும். அங்கேயும் பூஜ்யம் பூஜ்யமாகவே வந்தால்தான் எழுத்து ஆழமாகப் பதிந்தது என்று நம்பலாம். ஞாயிறு நண்பகல் எழுதிய பிரதி இந்தச் சோதனையில் தேறியது.

டிரான்ஸ்பார்மரை 15-0-15 ஆக மாற்றினோம். 170 வோல்ட் வந்தாலும் எல்.எம்.317 க்கு முன்னால் 30 நிற்கும். நள்ளிரவில் மோட்டார்கள் ஓய்ந்து 250 ஏறினாலும் 45 ஐத் தாண்டாது. மின்தேக்கி 63 வோல்ட் தாங்குவதாக இருக்கவேண்டும் என்பதையும், 7805 க்கு வெப்பத்தைச் சிதறடிக்கும் அலுமினியத் தகடு பெரிதாக வேண்டும் என்பதையும் செய்துபார்க்க விரும்புவோர் மறவாமல் குறித்துக்கொள்ளட்டும். எஸ்.கே.100 இன் தகரத்தொப்பி உள்ளே கலெக்டரோடு இணைந்தது, ஆகவே அதில் 25 வோல்ட் இருக்கும். பக்கத்துக் கம்பி அதில் உரசாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். 25 வோல்ட் நிற்கும் சாக்கெட்டில் சில்லைச் செருகுவதோ பிடுங்குவதோ கூடாது: வரும்போது 5 வோல்ட் முந்த வேண்டும், போகும்போது 25 முந்த வேண்டும்.

கெட்ட மூன்று பிரதிகளும் வீணாகிவிடவில்லை. அதுதான் ஈப்ராமின் பெருந்தன்மை. மொட்டை மாடியில் வெயிலில் வைத்துப் பார்த்தோம். ஒரு வாரக் கணக்கு மேகமில்லாத வானத்துக்குச் சொன்னது போலும், எங்களுக்குப் பத்து நாள் ஆயிற்று. கிருமி ஒழிக்கும் புறஊதாக் குழல் இருந்தால் ஓர் அங்குல தூரத்தில் சுமார் இருபது நிமிடம் போதும். ஆனால் அந்தக் குழலை மூடிய பெட்டிக்குள்தான் எரியவிடவேண்டும். எலெக்ட்ரானைச் சுவர் தாண்டச் செய்யும் ஒளி, கண்ணையும் சும்மா விடாது. அழிந்த மூன்றையும் மறுபடி எழுதினோம், இம்முறை மோட்டார்கள் ஓடும் மாலை ஏழு மணிக்கே. ஒப்பிடும் நிரல் ஒரு தப்பையும் காட்டவில்லை. சாளரங்களின்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வைத்து, அதற்கு மேல் காகிதம் ஒட்டிக் கொடுத்தனுப்பினேன்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' எழுதித் தமிழ் வாசகர்களுக்குச் சில்லு என்ற சொல்லைப் பழக்கப்படுத்திய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் பலரிடமும், பழைய தொழிற்கல்வி நிலையங்களின் அலமாரிகளிலும், சிறு தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்குள்ளும், 1980 களில் எழுதிய ஈப்ராம்கள் இன்றும் கிடக்கின்றன. பத்து ஆண்டுக்கு நினைவு நிற்கும் என்பதே தயாரிப்பாளர்கள் சாதாரணமாகக் கொடுத்த உறுதி. அவற்றுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், முதலில் சாளரத்தின் மேல் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒட்டுங்கள். பிறகு, அது வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே உள்ளிருப்பதைக் கணினியில் பிரதி எடுத்து, எந்த இயந்திரத்துக்குரியது என்று எழுதி வைத்துவிடுங்கள்.